ஒரே ஆன்டெனா, இரண்டு டிவி, ஒரு ரெக்கார்டர்: டாலஸ் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஃப்ரிஸ்கோவுக்குக் குடிவந்த முதல் வருடம், ஆன்டெனாவோடு இரண்டு மாதம் போராடினேன். ஹாலில் படம் வந்தால் படுக்கையறையில் வராது. இரண்டிலும் வந்தால் ரெக்கார்டிங் உடைந்து போயிருக்கும். தேவையில்லாத பொருட்களுக்கு மட்டும் 140 டாலர் போனது. இப்போது ஒரே ஆன்டெனாவில் ஹால் டிவி நேரடியாக ஓடுகிறது, மற்ற அறைகளில் வீட்டு நெட்வொர்க் வழியாகப் பார்க்கிறோம், வேண்டியதைப் பதிவும் செய்துகொள்கிறோம். எல்லாமே நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது. அந்த இரண்டு மாதம் உங்களுக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்டெனாவில் சன் டிவியோ விஜய் டிவியோ வராது. வருவது இந்த ஊர் நிலையங்கள்: 4 (ஃபாக்ஸ்), 5 (என்பிசி), 8 (ஏபிசி), 11 (சிபிஎஸ்), 13 (பிபிஎஸ்), அவற்றின் கிளை சேனல்கள், ஸ்பானிஷ் சேனல்கள். மாதச் சந்தா கிடையாது. இதே சேனல்களை இணையத்தில் நேரலையாகத் தரும் சேவைகள் சிலவற்றின் கட்டணம் மாதத்துக்கு 80 டாலரைத் தாண்டிவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 13.2 ஒன்றே போதும், நாள் முழுக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஏப்ரல் இரவு டொர்னேடோ சைரன் ஊதியபோது எங்கள் தெருவில் இணையம் போய்விட்டது, மின்சாரம் இருந்தது. மொபைலில் எதுவும் திறக்கவில்லை. ஆன்டெனா இருந்த டிவியில் மட்டும் வானிலை வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சாலையைப் புயல் தாண்டுகிறது, அடுத்து எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பிள்ளைகளைக் குளியலறைக்குள் உட்கார வைத்து, கதவைத் திறந்தபடி டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கீழே நான் சொல்லும் அமைப்பில் ஒரு கேபிள் நேராக டிவிக்குப் போவது அதனால்தான்.

டாலஸுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதே படிகள்தான். கோபுரமும் சேனல் எண்களும் மட்டும் மாறும்.

1. கோபுரம் எங்கே என்று பாருங்கள் (15 நிமிடம், செலவில்லை)

கடைக்குப் போகும் முன் ராபிட்இயர்ஸ் (rabbitears.info) தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். ஒவ்வொரு நிலையமும் எந்தத் திசையில், எத்தனை மைலில் இருக்கிறது, சிக்னல் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று பட்டியல் வரும். அதை பிரிண்ட் எடுத்து வையுங்கள், இரண்டு இடத்தில் தேவைப்படும்.

டாலஸில் முக்கிய நிலையங்கள் எல்லாம் நகரத்துக்குத் தென்மேற்கே சீடர் ஹில் குன்றுகளில் இருக்கும் கோபுரங்களிலிருந்துதான் வருகின்றன. ஃப்ரிஸ்கோவிலிருந்து சுமார் 40 மைல், கிட்டத்தட்ட நேர் தெற்கு. எல்லாம் ஒரே திசை என்பது நமக்குப் பெரிய வசதி. ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும்.

பட்டியலில் இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். டிவியில் தெரியும் சேனல் எண் வேறு, நிலையம் உண்மையில் ஒளிபரப்பும் எண் வேறு. 4, 5, 11, 13 எல்லாம் பெயருக்குத்தான் சின்ன எண்கள், உண்மையில் யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசையில் வருகின்றன. 8 மட்டும் இன்னும் விஎச்எஃப் என்ற, அதைவிடத் தாழ்ந்த அலைவரிசையில், 8-லேயே இருக்கிறது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். படி 3-இல் சொல்கிறேன்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும் குடியிருப்பில் "வெளியே ஆன்டெனா வைக்கக் கூடாது" என்று விதிப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பயந்து விட்டுவிடாதீர்கள். 1996 முதல் எஃப்.சி.சி.யின் (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) ஓடார்டு (OTARD) விதி நடைமுறையில் இருக்கிறது. உள்ளூர் டிவி சிக்னலை வாங்கும் ஆன்டெனாவை, உங்கள் தனிப் பயன்பாட்டில் இருக்கும் இடத்தில் வைப்பதைச் சங்கமோ வீட்டை வாடகைக்கு விட்டவரோ தடுக்க முடியாது. முன் அனுமதி வாங்கு, கட்டணம் கட்டு என்று இழுத்தடிப்பதும் பொதுவாகச் செல்லாது.

விதிக்கு எல்லைகளும் உண்டு. வாடகை அபார்ட்மென்டில் உங்கள் பால்கனி உங்களுடையது, பொதுக் கூரையும் பொதுச் சுவரும் அப்படியில்லை. வெளிச்சுவரில் துளை போட வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னால் அதற்கு அவருக்கு உரிமை உண்டு. கம்பம் கூரை மட்டத்துக்கு மேல் 12 அடியைத் தாண்டினால் பாதுகாப்புக்காக அனுமதி கேட்கலாம். உங்கள் சிக்னல் கெடாமல், செலவு கூடாமல் இருக்குமானால் "தெருவுக்குத் தெரியாத பக்கம் வையுங்கள்" என்றும் சங்கம் சொல்லலாம்.

ஒரு கோப்பில் இவற்றைப் போட்டு வையுங்கள்: வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுப் பத்திர நகல், எஃப்.சி.சி. தளத்தில் இருக்கும் அந்த விதியின் விளக்கப் பக்கம், ராபிட்இயர்ஸ் பட்டியல், ஆன்டெனா வைக்கும் இடத்தின் படம். எனக்குச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. விதி எண்ணைக் குறிப்பிட்டு, பட்டியலை இணைத்து, மரியாதையாக ஒரு பக்கத்தில் பதில் எழுதினேன். மறுபடி கடிதம் வரவில்லை. விவகாரம் எஃப்.சி.சி. வரை போனாலும் அங்கே நடக்கும் வரை அபராதம் ஏறாது. தடை நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் சங்கத்துடையதுதான். பதிலை மட்டும் கண்டிப்பாக எழுத்தில் கொடுங்கள், தொலைபேசியில் பேசி முடித்துவிடாதீர்கள்.

3. ஆன்டெனாவும் இடமும் (60 முதல் 120 டாலர்)

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் தட்டை ஆன்டெனா டாலஸ் நகரத்துக்குள் வேலை செய்யலாம். ஃப்ரிஸ்கோ, மெக்கின்னி, ப்ராஸ்பர் பக்கம் அதை நம்பிப் பணம் போடாதீர்கள். அட்டையில் 200 மைல், 300 மைல் என்று போட்டிருப்பதையும் பொருட்படுத்த வேண்டாம். பூமி வளைவு ஒன்று இருக்கிறது, அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் சிக்னல் வராது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: விஎச்எஃப் கம்பிகள் தனியாக இருக்கின்றனவா? 8-ஐப் பிடிக்க முனைக்கு முனை ஏறக்குறைய 30 அங்குலமாவது இருக்கும் கம்பி வேண்டும். சின்னக் கம்பிகளும் வலையும் மட்டும் இருந்தால் அது யுஎச்எஃப் ஆன்டெனா. முதலில் அதைத்தான் வாங்கினேன். 4, 5, 11 எல்லாம் பளிச்சென்று வந்தன, 8 மட்டும் நாளுக்கு ஒரு மாதிரி. ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றிப் பார்த்தேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன். குறை ஆன்டெனாவில் இருந்தது.

இடம் என்று வரும்போது எல்லோரும் அட்டிக் (கூரைக்கு அடியில் இருக்கும் பரண்) என்பார்கள். மழை வெயில் படாது, சங்கத்துக்கும் தெரியாது. ஆனால் டெக்ஸாஸில் கடந்த இருபது வருடத்தில் கட்டிய பல வீடுகளின் கூரைப் பலகையில், வெப்பத்தைத் திருப்பி அனுப்ப உள்பக்கம் பளபளவென்று ஃபாயில் ஒட்டியிருக்கும். அந்த ஃபாயில் டிவி அலையையும் திருப்பி அனுப்பிவிடும். டார்ச்சோடு ஏறி அண்ணாந்து பாருங்கள். பலகை மரநிறத்தில் இருந்தால் அட்டிக்கில் முயலலாம். வெள்ளித்தாள் போல மின்னினால் நேரத்தை வீணாக்க வேண்டாம், வெளியேதான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் மின்னியது. பக்கவாட்டுச் சுவரில் சிறு கம்பம் அடித்து, தெற்கு பார்த்து வைத்தோம்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டிக் அடுப்பாக இருக்கும். ஏற வேண்டியிருந்தால் விடிந்ததும் ஏறி எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். வெளி வேலைக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. ஆனால் குளிர்காலத்தில் மரம் இலையில்லாமல் நிற்கும். அப்போது தெரியும் சிக்னல் ஏப்ரலில் இலை வந்ததும் குறையும். தெற்கே பெரிய மரம் இருந்தால் அதைத் தவிர்த்து இடம் பாருங்கள்.

4. பிரிப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

எனக்கு யாரும் சொல்லாதது இந்தப் படிதான். ஸ்ப்ளிட்டரைப் பல முனைச் செருகுப் பலகை மாதிரி நினைத்துவிடுகிறோம், எத்தனை முனை இருந்தாலும் எல்லாவற்றிலும் அதே மின்சாரம் என்று. அப்படியில்லை. தண்ணீர்க் குழாயைப் பிரிப்பது போலத்தான். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிதான் போகும்.

கணக்கு டெசிபெல்லில், அதாவது சிக்னல் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அலகில். சக்தி பாதியாவது என்றால் 3 டெசிபெல் இழப்பு. இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் தானும் கொஞ்சம் விழுங்கும், ஆகவே 3.5. நான்கு வழி என்றால் 7. எட்டு வழி என்றால் 11 அளவில். மூன்று வழியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மூன்று முனையும் 5.5, இன்னொன்றில் ஒரு முனை 3.5, மற்ற இரண்டும் 7. முனைக்கு மேலேயே எண் அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள். ஆர்.ஜி.6 என்ற வழக்கமான டிவி கேபிள் 50 அடிக்கு இரண்டிலிருந்து மூன்று வரை எடுக்கும்.

ராபிட்இயர்ஸ் பட்டியலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் சிக்னல் மார்ஜின் (தேவைக்கு மேல் இருக்கும் மிச்சம், டெசிபெல்லில்) என்று ஓர் எண் இருக்கும். உத்தேச எண்தான், ஆனாலும் உதவும். ஒரு நிலையத்துக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனா அட்டிக்கில் இருந்தால் கூரை 10, 12 தின்னும். கேபிளுக்கு 2.5. நான்கு வழி ஸ்ப்ளிட்டருக்கு 7. மிச்சம் 8.5. நல்ல நாளில் படம் வரும். காற்று மழையில், இலை ஆடும்போது, 10 டெசிபெல் ஏறி இறங்குவது சாதாரணம். அப்போது படம் போகும். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தால் மிச்சம் 12, தாங்கும்.

டிஜிட்டலில் பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்து எச்சரிக்காது. வரம்புக்கு மேல் இருக்கும் வரை படம் சுத்தமாக இருக்கும், கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அதனால் "இப்போது நன்றாக வருகிறதே" என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு விநாடி உடைந்தால் பொறுத்துக்கொள்வோம். பதிவாகும்போது நாம் அருகில் இருப்பதில்லை, மறுநாள் திறக்கும்போதுதான் தெரியும்.

அறைக்கு ஒரு கேபிள் என்று நான்காகப் பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். ஒரே ஒரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டர்: ஒரு முனை நேராக ஹால் டிவிக்கு, மறு முனை ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் நெட்வொர்க் ட்யூனருக்கு (ஆன்டெனா சிக்னலை வாங்கி வீட்டு நெட்வொர்க்கில் விடும் பெட்டி). மற்ற அறைகளுக்கு ட்யூனரிலிருந்து வீட்டு நெட்வொர்க் வழியாகப் படம் போகும், அங்கே எத்தனை டிவி சேர்த்தாலும் ஆன்டெனா சிக்னல் குறையாது. அப்புறம், ஒரு ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் இன்னொன்று மாட்டுவது வேண்டாம். இழப்பு கூடிக்கொண்டே போகும்.

5. சரியான ஸ்ப்ளிட்டர் (5 முதல் 10 டாலர்)

5-இலிருந்து 1000 மெகாஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும் சாதாரண டிவி ஸ்ப்ளிட்டர் போதும். விலை உயர்ந்தது வாங்கினாலும் சிக்னல் அதிகமாகாது.

பழைய வீட்டுக்குக் குடிபோனால் கவனம். முன்பு இருந்தவர்கள் டிஷ் வைத்திருந்தால் சுவருக்குள்ளும் அலமாரிக்குள்ளும் டிப்ளெக்சர் என்ற சாதனம் மாட்டியிருக்கும். பார்க்க ஸ்ப்ளிட்டர் மாதிரியே இருக்கும்: அதே வெள்ளிநிறப் பெட்டி, ஒரு பக்கம் ஒரு முனை, மறுபக்கம் இரண்டு. ஆனால் ஒரு முனையில் சாட்டிலைட் என்றும் இன்னொன்றில் விஎச்எஃப்/யுஎச்எஃப் என்றும் எழுதியிருக்கும். சாட்டிலைட் முனையில் மாட்டினால் டிவி சிக்னல் கிட்டத்தட்ட வராது. எங்கள் வீட்டில் கேபிள்கள் சேரும் பெட்டிக்குள் தூசி படிந்து ஒன்று இருந்தது, எழுத்து சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. படுக்கையறை டிவி மூன்று வாரம் வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம். கழற்றித் திருப்பிப் பார்க்காமல் எதையும் ஸ்ப்ளிட்டர் என்று நம்பாதீர்கள்.

அதே பெட்டிக்குள் கேபிள் நிறுவனத்தின் இணைய வயரும் வரலாம். ஆன்டெனா வயரை அதோடு எந்த விதத்திலும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்கள் படமும் கெடும், அவர்களுடைய லைனிலும் கோளாறு வரும். மோடத்துக்குப் போகும் கேபிளை முதலில் கண்டுபிடித்து டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். மிச்சத்தைத்தான் தொட வேண்டும்.

பயன்படுத்தாத முனை இருந்தால் 75 ஓம் டெர்மினேட்டர் என்று சின்ன மூடி கிடைக்கும், திருகிவிடுங்கள். திறந்த முனையில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும்.

6. ஆம்ப்ளிஃபையர்: பெரும்பாலும் வேண்டாம்

ஒரு கடையில் "பிரித்தால் ஆம்ப்ளிஃபையர் போட்டே ஆக வேண்டும்" என்று சொல்லி எனக்கு விற்றார்கள். டிவிக்குப் பின்னால் மாட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. வராத சிக்னலை ஆம்ப்ளிஃபையர் உண்டாக்காது. அதோடு வரும் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

அது உதவுவது ஓர் இடத்தில்தான். ஆன்டெனாவில் சிக்னல் சுத்தமாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு நீளக் கேபிளாலும் பிரிப்பதாலும் இழப்பு வர வேண்டும். அப்போதும் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் மாட்ட வேண்டும். அதற்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகும். மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் இருந்தால், ஸ்ப்ளிட்டர் மின்சாரத்தைத் தடுத்துவிடலாம். பெட்டியை ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவே வையுங்கள், பிரச்சினை இல்லை.

டன்கன்வில், கிராண்ட் ப்ரெய்ரி, மான்ஸ்ஃபீல்ட் போல சீடர் ஹில்லுக்கு அருகில் இருப்பவர்கள் ஆம்ப்ளிஃபையரை நினைக்கவே வேண்டாம். சிக்னல் அளவுக்கு மீறினாலும் ட்யூனர் திணறி, சேனல்கள் காணாமல் போகும்.

வீட்டுக்கு அருகே மொபைல் கோபுரம் இருந்தால் வேறொரு தொல்லை. டிவி அலைவரிசை இப்போது 608 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, அதற்குச் சற்று மேலே 617-இலிருந்து மொபைல் சேவை. மொபைல் அலையைத் தடுக்க எல்டிஇ ஃபில்டர் என்று சின்ன உருளை கிடைக்கும். 600 மெகாஹெர்ட்ஸ் மொபைலையும் தடுக்கும் புதிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வகை 700-ஐ மட்டும்தான் தடுக்கும்.

7. கேபிள் முனையும் எர்த்தும் (50 டாலர் அளவில்)

ஆர்.ஜி.6 கேபிள் 100 அடி, கேபிள் முனையில் அழுத்தி மாட்டும் கம்ப்ரஷன் கனெக்டர்கள், அழுத்தும் கருவி மூன்றும் சேர்த்து 45, 50 டாலர் ஆகும். ஆர்.ஜி.59 என்று எழுதிய மெல்லிய பழைய கேபிள் சுவரில் இருந்தால் குறுகிய தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிளை உரிக்கும்போது நிதானம் வேண்டும். மேல் உறையைச் சீவியதும் மெல்லிய வெள்ளிப் பின்னல் வரும், அதைப் பின்னால் மடித்து விடுங்கள். வெள்ளை நுரைக்கு நடுவே ஒற்றைச் செம்புநிறக் கம்பி. பின்னலின் ஓர் இழை, தலைமுடி அளவு, அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், சிக்னல் அங்கேயே முடிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிலும் பாருங்கள். கனெக்டரை அழுத்திய பிறகு வெள்ளை நுரை உள்விளிம்போடு சமமாகவும், கம்பி வாயைத் தாண்டி ஒரு துளி நீண்டும் இருக்க வேண்டும். முதல் மூன்று முனைகள் சரியாக வராது, பத்துக் கனெக்டர் பையாக வாங்குங்கள்.

வெளியே வைக்கும் ஆன்டெனாவுக்கு எர்த் கட்டாயம். கம்பத்திலிருந்து குறைந்தது 10 கேஜ் செம்புக் கம்பி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்ட் பிளாக் (கேபிளை எர்த்தோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டு), இரண்டும் மின் மீட்டர் பக்கத்தில் இருக்கும் வீட்டு எர்த்தோடு சேர வேண்டும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் குத்திவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள், வீட்டு எர்த்தோடு இணைப்பு வேண்டும். மின்னல் நேராக விழுந்தால் இது காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். கம்பத்தில் சேரும் மின்னேற்றம் டிவி வழியாக இறங்காமல் இருக்கும். மீட்டர் பக்கம் கைவைக்கத் தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மேலே மின்கம்பி போகும் பக்கம் ஏணியோ கம்பமோ தூக்கவே கூடாது.

8. ட்யூனரும் பதிவும் (110 முதல் 200 டாலர், ஹார்ட் டிஸ்க் வட்டு தனி)

நான் வைத்திருப்பது எச்டிஹோம்ரன் என்ற நெட்வொர்க் ட்யூனர். ஆன்டெனா கேபிள் ஒரு பக்கம், நெட்வொர்க் கேபிள் மறுபக்கம், வேறு ஒன்றுமில்லை. ரவுட்டரோடு வயரிலேயே இணையுங்கள். சும்மா செருகிப் பயன்படுத்த வேண்டும், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ட்யூனரும் ரெக்கார்டரும் ஒன்றாக இருக்கும் டாப்லோ எளிது, நிகழ்ச்சி அட்டவணைக்கும் சந்தா இல்லை.

எத்தனை ட்யூனர்? ஒரு பதிவுக்கு ஒன்று, நேரலையில் பார்க்கும் ஒவ்வொரு டிவிக்கும் ஒன்று. ஹால் டிவி தன்னுடைய சொந்த ட்யூனரில் ஓடுவதால் அது கணக்கில் வராது. எங்கள் நால்வருக்கு இரண்டு ட்யூனர் பத்தவில்லை. பிள்ளைகள் 13.2 பார்க்கும்போது இரண்டு நிகழ்ச்சி ஒரே நேரத்தில் பதிவாக வேண்டியிருந்தால் ஒன்று விட்டுப்போனது. முதலிலேயே நான்கு ட்யூனர் வாங்கியிருக்கலாம். பெட்டிக்குள் பிரிப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும், வெளியே ஒரே கேபிள்தான்.

ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறையை வாங்கும் ட்யூனருக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். அதில் பல நிலையங்கள் பூட்டுப் போட்டு ஒளிபரப்புகின்றன, எல்லா ட்யூனராலும் திறக்க முடியாது. இப்போதைக்குப் பழைய முறையை வைத்தே முக்கிய நிலையங்கள் எல்லாம் கிடைக்கின்றன. அதற்காக மட்டும் கூடுதல் செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

பதிவுக்கு ஒரு பழைய லேப்டாப்பும் வட்டும் போதும். ஜெல்லிஃபின் இலவச மென்பொருள், ட்யூனரை அதுவே கண்டுபிடிக்கும். நிகழ்ச்சி அட்டவணைக்கு ஷெட்யூல்ஸ் டைரக்ட் வருடம் 35 டாலர். எச்டிஹோம்ரனின் சொந்தப் பதிவு வசதியும் வருடம் 35 தான், நிறுவுவது எளிது. கம்ப்யூட்டரில் பழக்கம் குறைவானவர்கள் அதையே எடுங்கள்.

ஒரு நிலையத்தின் மொத்த அலைவரிசையும் விநாடிக்கு 19.39 மெகாபிட்தான். ஆகவே ஒரு மணி நேரம் எவ்வளவு போனாலும் 9 ஜிபிக்குள் அடங்கும், பெரும்பாலும் 5, 6 ஜிபி. 1 டிபி வட்டில் குறைந்தது 110 மணி நேரம் பிடிக்கும். படம் எம்பெக்-2 என்ற பழைய வடிவத்தில் இருக்கும், சில ஸ்ட்ரீமிங் குச்சிகளால் அதை நேராகக் காட்ட முடியாது. டிவியில் மாட்டும் சாதனத்தை வாங்கும் முன் அது ட்யூனரின் ஆப்பை ஆதரிக்கிறதா என்று பாருங்கள்.

நேரம் வைப்பதில் ஒரு பொறி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நீண்டால் 11-இல் மாலை நிகழ்ச்சிகள் எல்லாம் தள்ளிப்போகும், அட்டவணை மாறாது. கடைசி இருபது நிமிடம் இல்லாமல் பதிவு நிற்கும். எல்லாப் பதிவுக்கும் முன்னால் 2 நிமிடம், பின்னால் 5 நிமிடம் கூட்டுங்கள். விளையாட்டுக்கும் ஞாயிறு மாலைக்கும் பின்னால் 60 நிமிடம்.

பதிவு செய்ததை வீட்டில் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ இணையத்தில் ஏற்றுவதோ சட்டச் சிக்கல்.

9. சோதனை: ஒரு வாரம் கொடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். முதலில் ஆன்டெனாவிலிருந்து ஒரே கேபிள், ஒரே டிவி, ஸ்ப்ளிட்டர் இல்லாமல். சேனல் தேடலை ஓடவிட்டு எத்தனை வந்தன என்று எழுதுங்கள். இரண்டு நாள் பாருங்கள். அதன் பிறகு ஸ்ப்ளிட்டர், மறுபடி தேடல். எண்ணிக்கை குறைந்தால் குறை எங்கே என்று சந்தேகமே இருக்காது. நான் எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டிவிட்டு எதைக் கழற்றுவது என்று தெரியாமல் வாரக்கணக்கில் தேடினேன்.

எச்டிஹோம்ரனில் மூன்று எண்கள் காட்டும்: சிக்னல் வலு, சிக்னல் தரம், சிம்பல் தரம். வலு 100 இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிம்பல் தரம் 100-லேயே நிற்க வேண்டும், அதுதான் படம் உடையாமல் வருவதற்கு அடையாளம். ஆன்டெனாவைத் திருப்பும்போது சிக்னல் தரத்தைப் பாருங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே போனில். ஒரு கை அகலம் திருப்பியதும் பத்து விநாடி பொறுங்கள், எண் நிலைக்க நேரம் எடுக்கும். ஆன்டெனாவை 8-ஐ வைத்து நிறுத்துங்கள், வலுவான சேனலை வைத்து அல்ல. 8 நின்றால் மற்றவை எப்படியும் நிற்கும்.

கடைசியாக, ஓர் இரவு முழுக்க முக்கிய சேனல்கள் எல்லாவற்றையும் மாறி மாறிப் பதிவுக்குப் போட்டு, காலையில் அங்கங்கே தட்டிப் பாருங்கள். மழை இரவு கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கே உடைந்திருக்கிறதோ அந்தச் சேனலின் எண்ணை எழுதி, படி 4-இன் கணக்கை அதற்கு மட்டும் திரும்பப் போடுங்கள்.

எல்லாம் சரியானதும் ஸ்ப்ளிட்டரின் ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் எந்த அறை என்று மார்க்கரில் எழுதி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேனல் தேடலை மறுபடி ஓடவிடுங்கள், கிளை சேனல்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். ஹால் டிவியில் ஒருமுறை, ட்யூனரில் ஒருமுறை, இரண்டிலும் தனித்தனியாக.